பால் வகுத்தலும் உடன்நிற்றலும்: தமிழ் இலக்கண மரபிலும் யூதச் சட்ட மரபிலும் திருநர்

ஆய்வுச்சுருக்கம்

ஆண், பெண் என்னும் இரு வகுப்புகளுள் அடங்காதோரைத் தமிழ் இலக்கண நூல்களும் யூதச் சட்ட நூல்களும் பெயரிட்டு வகுத்துள்ளன. இவ்விரு மரபுகளையும் இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. வகுத்தல் என்பது ஏற்றல் ஆகாது என்பதும், மரபின் உள்ளிருந்து அதிகாரம் உடையோர் அவ்வகுப்பைத் திருத்த முன்வரும்போதே உடன்நிற்றல் வரலாற்றில் பயன் விளைத்துள்ளது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பன்மொழிச் சூழல் இதற்குரிய சமகாலக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பேடு, திருநர், திருநங்கை, நன்னூல், மிஷ்னா, ஆந்த்ரோகினோஸ், தன் அடையாள உரிமை.

முன்னுரை

ஒருவரை ஆண்பால் என்றோ பெண்பால் என்றோ வகுக்கும் உரிமை யாருக்கு உரியது என்னும் வினா சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் மட்டும் உரியதன்று. வினைமுற்று விகுதியிலேயே பால் காட்டும் மொழியில் அது இலக்கண வினாவும் ஆகும். ‘வந்தான்’ என்பதா, ‘வந்தாள்’ என்பதா என்று முடிவு செய்யாமல் தமிழில் ஒருவரைப் பற்றி ஒரு தொடரும் முடிக்க இயலாது. ‘வந்தார்’ என்னும் மதிப்புப் பன்மை ஒன்றே புறனடை.

இவ்வினாவை நீண்ட காலமாக எழுதி வாதிட்டு வந்த மற்றொரு மரபு யூத மரபு. தமிழ்நாட்டில் இன்று யூதச் சமூகம் இல்லை என்றே சொல்லலாம். 17ஆம் நூற்றாண்டில் புனித ஜார்ஜ் கோட்டையைச் சார்ந்து பவளமும் வைரமும் விற்ற போர்த்துகீசிய யூத வணிகரின் நினைவாகச் சென்னையில் எஞ்சியிருப்பது ஒரு கல்லறைத் தோட்டமே. எனவே இங்கு ஒப்பிடப்படுவது இரு சமூகங்களின் தொடர்பன்று. பழைய நூலொன்றைக் கைவிடாமலே அதன் வகுப்புகளோடு போராடும் இரு அறிவு மரபுகளின் நடைமுறையே ஒப்பிடப்படுகிறது. தொல்காப்பியத்தை விட்டுவிட்டுத் தமிழாசிரியர் பேச இயலாதவாறே மிஷ்னாவை விட்டுவிட்டு யூதச் சட்ட அறிஞர் பேச இயலாது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்று திருநரோடு உடன்நிற்றல் எவ்வாறு நிகழ்ந்தது என்பதே ஆய்வுப் பொருள்.

பேடு: தொல்காப்பியமும் நன்னூலும்

தொல்காப்பியச் சொல்லதிகாரக் கிளவியாக்கம், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்கிறது. அவர்களுக்கெனத் தனி ஈறு இல்லை. உயர்திணைக்குரிய பால் ஈறுகளையே கொள்வர் என்பது விதி. அதே நூற்பாவில் தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. பின்னர் வரும் நூற்பா, இப்பெயர்களுக்கு ஆண்பால் ஈறு பொருந்தாது என்று விலக்குகிறது. உரையாசிரியர்கள் பேடி என்பதைப் பெண்பால் வினையாலும், பேடர், பேடியர் என்பவற்றைப் பலர்பால் வினையாலும் முடித்துக்காட்டுவர். ஆக, தொல்காப்பியர் செய்தவை இரண்டு: உயர்திணையில் இருத்தினார், ஆண்பாலை மறுத்தார். பெண்மை திரிந்து ஆண்மை கொண்டோர், அதாவது இன்றைய வழக்கில் திருநம்பியர், இவ்விதியில் தெளிவாக இடம்பெறவில்லை.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி இந்த இடைவெளியை நிரப்பினார். பெண்மையை நீங்கி ஆண்மையை விரும்புவோருக்கு ஆண்பால் முடிபும், ஆண்மையை நீங்கிப் பெண்மையை விரும்புவோருக்குப் பெண்பால் முடிபும் உரியன என்பது நன்னூல் தரும் விதி. இங்கு அவர் ஆளும் வினை ‘அவாவுதல்’. உடலின் குறியோ பிறப்போ அளவுகோலாக வைக்கப்படவில்லை. ஒருவர் எதை அவாவுகிறார் என்பதே அளவுகோல். இலக்கண நூலொன்றில் இது வியப்புக்குரியது. பவணந்தி சமணர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. சமண மெய்யியல், உடலமைப்பையும் ‘வேதம்’ எனப்படும் உள்ளார்ந்த பால் விழைவையும் வேறுபடுத்தி, ஓர் உடலில் வேறு பாலுக்குரிய வேதம் இருத்தல் கூடும் என்று வாதித்தது. லெனார்டு ஸ்விலிங், மைக்கேல் ஸ்வீட் ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வு இவ்வாதங்களை விரிவாகத் தொகுத்துள்ளது. நன்னூலின் ‘அவா’வுக்கும் சமணரின் ‘வேத’த்துக்கும் உள்ள இயைபு தனி ஆய்வுக்குரியது.

ஆனால் நன்னூற் சூத்திரம் அங்கே முடியவில்லை. இவ்விரு திறத்தாரும் அஃறிணையைப் போன்றும் ஆவர் என்னும் மூன்றாம் கூறு அதில் உண்டு. வகுப்பறையில் இச்சூத்திரத்தை நடத்துவோர் பலர் முதலிரு கூறுகளைப் பெருமையோடு விளக்கிவிட்டு மூன்றாவதை விரைந்து கடந்துவிடுகின்றனர். ‘அது வருகிறது’ என்று ஒரு திருநங்கையைச் சுட்டித் தெருவில் எழும் ஏளனத்துக்கு இலக்கண இசைவு அந்த மூன்றாம் கூற்றில் இருக்கிறது. அதை மறைத்துக் கற்பித்தல் நேர்மையாகாது.

இலக்கியச் சான்றுகளும் ஒரு முகத்தன அல்ல. மாதவி ஆடிய பதினோராடல்களுள் பேடிக்கூத்தும் ஒன்றென்று சிலப்பதிகாரம் பதிவு செய்கிறது. திருக்குறளோ இரண்டு இடங்களில் பேடியின் கையிலுள்ள வாளை ஆற்றலின்மைக்கு உவமையாக்குகிறது. பழந்தமிழர் திருநரை மதித்தனர் என்று ஒரே வீச்சில் எழுதும் கட்டுரைகள் அண்மையில் பெருகியுள்ளன. அவை கூத்தை எடுத்துக்கொண்டு குறளை விட்டுவிடுகின்றன.

ஆந்த்ரோகினோஸ்: யூதச் சட்டத்தின் பட்டியல்

ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவும் அதனை அடுத்த தொசெஃப்தாவும் ஆண், பெண் அல்லாத சில வகுப்புகளைச் சுட்டுகின்றன. இருபால் குறிகளும் உடையவர் ஆந்த்ரோகினோஸ்; குறி மறைந்திருப்பதால் பால் அறிய முடியாதவர் தும்தும்; ஆண்மை வளராதவரோ இழந்தவரோ சாரீஸ்; பெண்மை முதிராதவர் அய்லோனீத். முதற்கனிக் காணிக்கை பற்றிய பிக்கூரிம் என்னும் பகுதியோடு சேர்த்துப் படிக்கப்படும் ஒரு பட்டியல், ஆந்த்ரோகினோஸ் எவற்றில் ஆணை ஒப்பர், எவற்றில் பெண்ணை ஒப்பர், எவற்றில் இருவரையும் ஒப்பர், எவற்றில் இருவரையும் ஒவ்வார் என்று நான்காகப் பிரிக்கிறது. உடையில் ஆணை ஒப்பர். சாட்சியம் கூற இயலாமையில் பெண்ணை ஒப்பர். அவரைக் கொல்வது ஆணையோ பெண்ணையோ கொல்வதைப் போன்றே கொலைக்குற்றம். பட்டியலின் இறுதியில் ரபி யோசே வேறொரு கருத்தை வைக்கிறார்: ஆந்த்ரோகினோஸ் தனித்ததொரு படைப்பு; அவர் ஆணா பெண்ணா என்று அறிஞர்களால் முடிவு செய்ய இயலவில்லை.

முடிவு செய்ய இயலவில்லை என்பதைச் சட்ட நூலே பதிவு செய்வது அரிது. தல்மூதில் ரபி அம்மி, முதுமூதாதையரான ஆபிரகாமும் சாராளும் தும்தும்களாக இருந்தனர் என்று கூறும் கருத்தும் காக்கப்பட்டுள்ளது. ஏசாயா நூலின் 56ஆம் அதிகாரம், கடவுளின் உடன்படிக்கையைக் காக்கும் அண்ணகருக்குப் பிள்ளைகளைப் பெறுவதினும் மேலான நிலைபெயர் அளிக்கப்படும் என்று உறுதி தருகிறது. எருசலேமிலுள்ள இனப்படுகொலை நினைவகத்தின் பெயர் அவ்வுறுதிமொழியிலிருந்தே பிறந்தது. மறுபுறம் உபாகமம் ஆணுடையைப் பெண்ணும் பெண்ணுடையை ஆணும் அணிவதைத் தடுக்கிறது. விதை நசுங்கியோர் சபையில் சேர்வதையும் தடுக்கிறது.

நன்னூலோடு ஒப்பிடும்போது அடிப்படை வேறுபாடு ஒன்று புலப்படும். ரபிகளின் அளவுகோல் உடல். மறைந்த குறி, இரட்டைக் குறி, வளராத உறுப்பு ஆகியவையே அவர்கள் கண்டவை. விருப்பம் அவர்களின் வினாவே அன்று. ஆகவே தும்தும் என்பதை இன்றைய திருநரின் மூதாதைச் சொல்லாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். மேக்ஸ் ஸ்ட்ராஸ்ஃபெல்டு 2022இல் வெளியிட்ட, தல்மூதைத் திருநர் நோக்கில் வாசிக்கும் நூலும் இந்நூற்பகுதிகளை எளிய பெருமைக்குரியனவாக்காமல் அவற்றின் வன்மையையும் சேர்த்தே படிக்கிறது.

உள்ளிருந்து திருத்தியோர்

வழிபாட்டில் ஆண், பெண் பிரிவு நடைமுறை வினாவாகும்போதுதான் யூதச் சமூகங்களில் உடன்நிற்றலின் தேவை கூர்மையாயிற்று. மரபுவழித் தொழுகைக்கூடத்தில் ஆணையும் பெண்ணையும் பிரிக்கும் திரைக்கு எப்பக்கம் அமர்வது? கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பதின்மருள் ஒருவராக எண்ணப்படுவாரா? இறந்தபின் உடலை நீராட்டுவோர் அதே பாலினராக இருத்தல் வேண்டும் என்பதால் ஒரு திருநங்கையின் உடலை நீராட்டுவோர் யார்? இவற்றைத் தள்ளிப்போட இயலாது. கடைசி வினாவுக்கு ஒரே நாளில் விடை வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் எருசலேம் அறிஞர் எலியேசர் வால்டன்பெர்க், அறுவைக்குப் பின் வெளியுறுப்பே ஒருவரின் பாலை முடிவு செய்யும் என்னும் கருத்தை எழுதினார். மரபுவழி அறிஞருள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அமெரிக்கக் கன்சர்வேட்டிவ் யூதப் பிரிவின் சட்டக் குழு 2003இல் ரபி மேயர் ரபினோவிட்சின் தீர்வை ஏற்று, முழுமையான அறுவை செய்துகொண்டோரின் பால் மாறியதாகக் கொண்டது. அதே குழு 2017இல் ரபி லெனார்டு ஷார்சரின் தீர்வை ஏற்றபோது அறுவை என்னும் நிபந்தனை விலகி, ஒருவர் தம்மை எவராக அறிகிறாரோ அதுவே அடிப்படையாயிற்று. பதினான்கு ஆண்டுகளில் அளவுகோல் உடலிலிருந்து அவாவுக்கு நகர்ந்தது என்று நன்னூலின் சொல்லால் இதைக் கூறலாம்.

இந்நகர்வைச் செய்தோர் ரபிகள் மட்டும் அல்லர். எலியட் குக்லா என்னும் திருநம்பி 2006இல் சீர்திருத்த யூதப் பிரிவின் ஹீப்ரூ யூனியன் கல்லூரியில் ரபியாகப் பட்டம் பெற்றார். தும்தும் பற்றிய பழம்பகுதிகளைத் திருநர் கண்ணோடு வாசித்து எழுதினார். மறுஆண்டு அப்பிரிவு வெளியிட்ட கையேடொன்றில் பாலின மாற்றத்துக்குரிய வாழ்த்துரைகள் இடம்பெற்றன. 2015இல் சீர்திருத்தச் சபைகளின் ஒன்றியம் திருநர் உரிமைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. மரபுவழிச் சூழலில் நிலைமை கடினம். யெஷிவா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்த ஜாய் லாடின், தாம் பெண் என்று அறிவித்தபின் கட்டாய விடுப்பில் வைக்கப்பட்டு 2008இல் மீண்டும் வகுப்பறைக்குத் திரும்பினார். வழிபாட்டு மண்டபம் மாறாத இடத்தில் வகுப்பறை சிறிது மாறியது.

இவ்வரலாற்றில் ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. உடன்நின்ற ரபிகள் மிஷ்னா தவறு என்று கூறவில்லை. மிஷ்னா அனைவரையும் ஏற்றது என்றும் கூறவில்லை. அதில் உள்ள ஒரு சொல்லை எடுத்து, அச்சொல்லால் வகுக்கப்பட்டோரையே அதன் பொருளைச் சொல்ல அழைத்தனர்.

அரவாணி, திருநங்கை, மணமகள்

தமிழ்நாட்டில் இதற்கு இணையான திருத்தம் சமயக் குருமாரால் தொடங்கப்படவில்லை. அரசாலும் நீதிமன்றத்தாலும், அவற்றுக்கு முன்பே திருநரின் எழுத்தாலும் தொடங்கியது. ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’ 2004இலும், லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ 2007இலும் வெளிவந்தன. பிரியா பாபுவும் இதே காலத்தில் எழுதினார். 2006 டிசம்பரில் பள்ளி, கல்லூரிச் சேர்க்கையில் மறுப்புக் கூடாதென அரசாணை வந்தது. 2008 ஏப்ரல் 15 அன்று நல வாரியம் அமைந்தபோது அதன் பெயரில் இருந்த சொல் ‘அரவாணி’.

இச்சொல் கூத்தாண்டவர் வழிபாட்டிலிருந்து பிறந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டக் கூவாகத்தில் சித்திரை முழுநிலாவையொட்டி அரவானை மணந்து தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அதை அறுக்கும் சடங்கு நன்கு அறியப்பட்டது. வேண்டுதலின் பொருட்டு ஊர் ஆடவரும் அங்குத் தாலி கட்டிக்கொள்வதை ஆல்ஃப் ஹில்டபைட்டல் போன்ற ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். செய்தித்தாள்கள் அதைப் பெரிதும் கவனிப்பதில்லை. சடங்குக்குப் பொருந்தும் இச்சொல் குடிமைப் பெயராக மாறும்போது இரு குறைகள் தோன்றின. கிறித்தவ, இசுலாமியத் திருநங்கையருக்கு அதில் இடமில்லை. ஓரிரவில் கைம்மை எய்தும் கதை வாழ்நாள் அடையாளமாகிவிடுகிறது. மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த அதே ஆட்சிக்காலத்தில் ‘திருநங்கை’ அரசு வழக்காயிற்று. அச்சொல் திருநம்பியரை உள்ளடக்காததால் ‘திருநர்’ என்னும் பொதுச்சொல் பின்னர் பரவியது.

சமயச் சட்டச் சொல் ஒன்று மீள்வாசிப்புக்கு உள்ளானது 2019 ஏப்ரலில். தூத்துக்குடியில் கோயிலில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவு செய்ய அலுவலர் மறுத்தார்; மணமகள் திருநங்கை என்பதே காரணம். சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்திலுள்ள ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்த்தார். இடைப்பால் குழந்தைகளுக்குச் செய்யப்படும் அறுவையைத் தடுக்கவும் அத்தீர்ப்பு வழிகாட்டியது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, சொல் விரிந்தது. ரபிகள் செய்ததும் ஏறத்தாழ இதுவே. சமயச் சபைகளுள் இத்தகைய விரிவு குறைவு. இந்திய இவாஞ்சலிக்கல் திருச்சபையில் பாரதி என்னும் திருநங்கை போதகரானது புறனடைகளுள் ஒன்று.

2021 ஜூன் 7ஆம் நாள் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய ஆணை வேறொரு வகையில் முக்கியமானது. வழக்குத் தொடுத்தோர் தன்பால் ஈர்ப்புடைய இரு பெண்கள்; எனினும் ஆணையின் வீச்சு திருநரையும் தழுவியது. இப்பொருளில் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று நீதிபதியே கூறி, உளவியல் வல்லுநரிடம் அமர்வுக்குச் சென்றபின் தீர்ப்பெழுதினார். இவ்வழக்கின் தொடர்ச்சியாகவே மரியாதைக்குரிய தமிழ்ச் சொற்களின் பட்டியல் 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசிதழில் வெளியாயிற்று. ரபி யோசே அறிஞர்களின் இயலாமையைப் பதிவு செய்தார்; இந்நீதிபதி தம் இயலாமையைப் பதிவு செய்தார். பின்னவர் அதோடு நிற்கவில்லை.

எனினும் பின்னோக்கிய அசைவும் உண்டு. 2014 ஏப்ரல் 15 அன்று தேசியச் சட்டப் பணிகள் ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம், அறுவையை நிபந்தனையாக்காமல் தன் அடையாளத்தைத் தானே கூறும் உரிமையை ஏற்றது. 2019ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டமோ மாவட்ட ஆட்சியரின் சான்றிதழை வேண்டியது. ஆண் அல்லது பெண் என்று சான்று பெற அறுவையையும் வேண்டியது. அமெரிக்க யூதக் குழு 2003இலிருந்து 2017க்கு முன்னேறிய வழியில் நாம் எதிர்த்திசையில் நடந்தோம்.

எல்லைப்புறத் தொழிற்பேட்டையில் விகுதிகள்

கும்மிடிப்பூண்டி சென்னைப் புறநகர் மின்தொடர்வண்டியின் வடக்குத் தடத்தில் உள்ள நிலையம். ஆரம்பாக்கத்தைக் கடந்தால் ஆந்திரம். சிப்காட் வளாகத் தொழிற்சாலைகளில் தமிழரோடு தெலுங்கரும் ஒடியரும் பீகாரிகளும் பணிபுரிகின்றனர். பால் வகுத்தல் இங்கு ஒரு மொழியின் சிக்கலாக இல்லை. தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒரே வினைமுடிபு. எனவே தெலுங்குத் தொழிலாளி ஒரு திருநங்கையைப் பற்றி ‘வச்சிந்தி’ என்பது அவரைப் பெண்ணாகவே ஏற்பதாகலாம். அதைத் தமிழாக்கிக் கேட்கும் செவிக்கு அது ‘அது வந்தது’ என்றே ஒலிக்கும். ஒடியாவில் வினைக்குப் பாலே இல்லை. இந்தி பேசுவோர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஒரே பட்டறையில் ஒரே நபர் நான்கு இலக்கணங்களால் வகுக்கப்படும் இவ்விடம் ஒப்பிலக்கண ஆய்வாளருக்கு அரிய களம்.

ஆயினும் பட்டறையில் முதலில் எழுவது விகுதியன்று, கழிப்பறை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஆண், பெண் தொழிலாளருக்குத் தனித்தனிக் கழிப்பறைகளை வகுத்தது. மூன்றாவதை அது நினைக்கவில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம் பணியில் பாகுபாட்டைத் தடுத்து, ஒவ்வொரு நிறுவனத்திலும் முறையீட்டு அலுவலரை நியமிக்கக் கூறியது. அவ்வலுவலர் யார் என்பது வாயிற் பலகையில் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் எழுதப்படாவிட்டால் விதி தாளில் மட்டுமே இருக்கும். தொழுகைக்கூடத் திரைக்கு எப்பக்கம் என்னும் வினாவுக்கும் இக்கழிப்பறை வினாவுக்கும் தன்மையில் வேறுபாடில்லை. இரண்டிலும் விடை தருவோர் அவ்விடத்தின் உள்ளே இருப்போர்: அங்கே சபையார், இங்கே தொழிற்சங்கத்தாரும் பணியாளர் மேலாளரும்.

விகுதிக்குத் திரும்புவோம். எபிரேயத்தில் முன்னிலை வினையும் பால் காட்டும். முன்னிலை, படர்க்கை ஒருமையில் பொதுப்பால் முடிபு இல்லை. எனவே 2018இல் கொலராடோவில் தொடங்கிய இருமைசாரா எபிரேயத் திட்டம் புதிய ஈறுகளையே ஆக்க வேண்டியதாயிற்று. தமிழுக்கு அத்தேவை இல்லை. ‘அர்’, ‘ஆர்’ ஈறுகள் பழமையானவை, மதிப்பும் உடையன. இருமையுள் அடங்க விரும்பாதோருக்கு அவை பொருத்தமானவை. ஆனால் எல்லாத் திருநருக்கும் ‘வந்தார்’ என்பதே போதும் என்று ஆசிரியர்கள் ஒதுங்கிக்கொள்வதை ஏற்பதற்கில்லை. வகுப்பில் மற்ற மாணவியரையெல்லாம் ‘வந்தாள்’ என்று உரிமையோடு சுட்டும் ஆசிரியர், திருநங்கை மாணவியை மட்டும் ‘வந்தார்’ என்றால், அம்மதிப்பு ஒரு விலக்கலாகவே கேட்கும். பவணந்தியின் அளவுகோல் இங்குப் பயன்படும்: அவர் எதை அவாவுகிறார் என்பதைக் கேட்டறிந்து அம்முடிபைத் தருதல். சூத்திரத்தின் மூன்றாம் கூற்றை மாணவர் முன் மறைக்காமல் படித்துக்காட்டி, இன்றைய வழக்கில் அது ஏன் செல்லாது என்பதை 2022ஆம் ஆண்டு அரசிதழ்ப் பட்டியலோடு சேர்த்து விளக்குவது இலக்கண ஆசிரியரின் பாடவேளைக்குள்ளேயே அடங்கும் பணி.